மூன்றாம் இலக்கச் சன்னம்: சாக்கோ – வன்செற்றி வழக்கின் தடயச் சான்று பற்றிய ஒரு மறுநோக்கு

1

1927ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 23ஆந் திகதி, நள்ளிரவு கடந்த அரைமணி நேரத்துள், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மசச்சூசெற்ஸ் மாநிலச் சிறையில் நிக்கோலா சாக்கோ, பார்த்தொலோமியோ வன்செற்றி என்னும் இரு இத்தாலியக் குடியேற்றத் தொழிலாளர் மின் நாற்காலியில் ஏற்றிக் கொல்லப்பட்டனர். முன்னவர் பாதணித் தொழிற்சாலையொன்றில் வேலை செய்தவர்; பின்னவர் தெருவில் மீன் விற்றுச் சீவித்தவர். இருவரும் அராஜகவாதிகள். முதலாம் உலக யுத்தத்தின்போது படைச்சேவைப் பதிவைத் தவிர்த்து மெக்சிக்கோவுக்குச் சென்று திரும்பியவர்கள். அவர்கள்மீது சுமத்தப்பட்ட குற்றம் அரசியற் குற்றமன்று, கொலையுங் கொள்ளையுமாகும்.

இவ்வழக்கினை நம்மிற் பலர் இலக்கியத்தின் வாயிலாகவே அறிந்தோம். அப்ரன் சின்கிளேயரின் 'பொஸ்ரன்' (1928), மக்ஸ்வெல் அன்டர்சனின் 'வின்ரர்செற்' (1935), ஹவார்ட் பாஸ்ற் 1953இல் வெளியிட்ட நாவல் முதலியன உலகெங்குமுள்ள இடதுசாரி வாசகரிடையே இவ்விருவரையுந் தியாகிகளாக நிலைநிறுத்தின. இதனால் வழக்கின் அரசியலை நாம் அறிந்த அளவுக்கு அதன் சான்றினை அறியவில்லை. சான்றினை அணுகுமிடத்தோ ஓர் இடர்ப்பாடு தோன்றுகின்றது. கொல்லப்பட்ட காவலாளியின் உடலிலிருந்து எடுக்கப்பட்ட சன்னங்களுள் ஒன்று சாக்கோவின் கைத்துப்பாக்கியிலிருந்து வெளிப்பட்டதே என்பதை 1927, 1961, 1983 ஆகிய ஆண்டுகளில் நடைபெற்ற பரிசோதனைகள் யாவும் ஆதரித்துள்ளன. அரசின் சூழ்ச்சி என்று கூறி இதனை ஒதுக்கிவிடுவது எளிது. ஆயின் பொருளை முதன்மையாகக் கொள்ளும் தத்துவத்தை ஏற்றுக்கொண்டோர், பொருள் தமக்கு இசைவாக இல்லாதவிடத்து அதனை மறுத்துவிடுதல் தகுமா என்பதே இக்கட்டுரையின் வினாவாகும்.

நாம் குற்றவியல் நிபுணரல்லோம். எம் துறை இலக்கிய ஆராய்ச்சி. எனினும் மூலபாடத் திறனாய்விற் பயின்றோர்க்கு இவ்வழக்கு முற்றிலும் அந்நியமானதன்று. ஓர் ஏட்டுச்சுவடி எவர் எவர் கைகளினூடாக வந்தது, இடையில் எவர் படியெடுத்தார், பாடபேதம் எவ்விடத்தில் நுழைந்தது, குறித்த ஒரு செய்யுள் இடைச்செருகலா என்றெல்லாம் பதிப்பாசிரியன் வினவுகின்றான். அகச்சான்று ஒன்றாகவும் புறச்சான்று பிறிதொன்றாகவும் இருக்குமிடத்து அவற்றை எவ்வாறு எடைபோடுவது என்பதும் அவனுடைய பிரச்சினையே. சுடப்பட்ட சன்னமொன்றின் வரலாறும் இத்தகைய வினாக்களுக்கு உட்படவேண்டியதே.

2

1920ஆம் ஆண்டு ஏப்பிரில் 15ஆந் திகதி பிற்பகல், பொஸ்ரன் நகருக்குத் தெற்கேயுள்ள சவுத் பிறெயின்றீ என்னும் ஊரில், சிலேற்றர் அன்ட் மொறில் பாதணித் தொழிற்சாலைத் தொழிலாளரின் வாராந்தச் சம்பளப் பணம், பதினைந்தாயிரம் டொலருக்குச் சற்று மேற்பட்ட தொகை, பெட்டிகளில் எடுத்துச் செல்லப்பட்டது. அதனைக் கொண்டுசென்ற சம்பளப் பொறுப்பாளர் பிறெட்றிக் பாமென்ரரும் காவலாளி அலெசான்றோ பெராடெல்லியும் தெருவிற் சுடப்பட்டனர். கொலைஞர் பணத்துடன் மோட்டார் வண்டியில் ஏறி மறைந்தனர். பெராடெல்லி அன்றே இறந்தார். பாமென்ரர் மறுநாட் காலை இறந்தார். கொல்லப்பட்ட காவலாளியும் ஓர் இத்தாலியக் குடியேற்றவாசியே என்பதை, தியாகிகளைப் பாடும் எழுத்துக்கள் பெரும்பாலும் மறந்துவிடுகின்றன.

மே மாதம் 5ஆந் திகதி சாக்கோவும் வன்செற்றியும் பிறொக்ரன் நகரில் டிறாம் வண்டியொன்றில் வைத்துக் கைதுசெய்யப்பட்டனர். அதற்கு இரு நாட்களுக்கு முன்னர், அவர்களுடைய தோழரான அன்றியா சல்செடோ, நியூயோர்க்கில் சமஷ்டி நீதித் திணைக்களத்தின் காவலில் இருந்தபொழுது பதினான்காம் மாடியிலிருந்து வீழ்ந்து இறந்திருந்தார். 1919ஆம் ஆண்டு இறுதியிலும் 1920ஆம் ஆண்டுத் தொடக்கத்திலும் சட்டமா அதிபர் பாமரின் ஆணையின்பேரில் ஆயிரக்கணக்கான குடியேற்றத் தொழிலாளர் சுற்றிவளைத்துப் பிடிக்கப்பட்ட காலம் அது. கைதானவேளையில் இருவரிடமும் ஆயுதம் இருந்தது. பொலிசாரின் வினாக்களுக்கு இருவரும் பொய் கூறினர். நாடுகடத்தலுக்கு அஞ்சியதால் உண்டான பொய் இது என்றனர் எதிரிகள் தரப்பினர். குற்றவுணர்வின் வெளிப்பாடு என்றது அரசு தரப்பு.

சாக்கோவிடம் இருந்தது 0.32 அங்குல வாயளவுள்ள கோல்ற் தானியங்கிக் கைத்துப்பாக்கி; அதனுடன் பல்வேறு கம்பனிகள் செய்த 32 தோட்டாக்கள். வன்செற்றியிடம் இருந்தது 0.38 அங்குல வாயளவுள்ள றிவோல்வர். இறந்தவர்களின் உடல்களிலிருந்து எடுக்கப்பட்ட சன்னங்கள் ஆறு. ஆறும் 0.32 வாயளவினவே. துப்பாக்கிக் குழலின் உட்புறத்தே சுரிவடிவான சால்கள் வெட்டப்பட்டிருக்கும். குழலினூடு செல்லும் சன்னத்தில் அவற்றின் தடம் பதியும். ஆறு சன்னங்களுள் ஐந்து, வலப்புறமாகத் திரும்பும் சால்களைக் கொண்ட ஒரு துப்பாக்கியிலிருந்து வந்தவை. அத்துப்பாக்கி ஒருபொழுதும் அகப்படவில்லை. எஞ்சிய ஒன்றில் மாத்திரம் இடப்புறத் திருப்பம் காணப்பட்டது. கோல்ற் துப்பாக்கியின் திருப்பம் அதுவே. பிரேத பரிசோதனை செய்த வைத்தியர் மக்றாத், பெராடெல்லியின் உடலிலிருந்து எடுத்த நான்கு சன்னங்களின் அடிப்பாகத்திலும் ஊசியினால் உரோம இலக்கங்களைக் கீறியிருந்தார். இடப்புறத் திருப்பமுள்ள சன்னம் மூன்றாம் இலக்கத்தது. உயிரைப் பறித்த சன்னமும் அதுவே எனக் கொள்ளப்பட்டது. தெருவிற் பொறுக்கப்பட்ட நான்கு வெற்றுத் தோட்டாக்களுள், வின்செஸ்ரர் கம்பனியினது ஒன்றும் இத்துப்பாக்கியுடன் தொடர்புபடுத்தப்பட்டது.

3

டெட்டம் நகரில் 1921 மே 31 தொடக்கம் யூலை 14 வரை நடைபெற்ற விளக்கத்தில் இச்சன்னம் பற்றி நால்வர் சாட்சியமளித்தனர். அரசு தரப்பில் மாநிலப் பொலிஸ் கப்டன் வில்லியம் புரொக்ரரும், தோட்டாக் கம்பனியொன்றிற் பணியாற்றிய சார்ள்ஸ் வான் அம்பேர்க்கும் தோன்றினர். எதிரிகள் தரப்பில் தோன்றிய பேர்ண்ஸ், பிற்ஸ்ஜெறல்ட் ஆகிய இருவரும் சாக்கோவின் துப்பாக்கியிலிருந்து அச்சன்னம் வரவில்லை என்றனர். வான் அம்பேர்க் அது வந்ததென நம்பத் தாம் சாய்வதாகக் கூறினார். புரொக்ரர் கூறியது, அத்துப்பாக்கியாற் சுடப்பட்டது என்பதோடு அது ஒத்திருக்கின்றது என்பதாகும்.

'ஒத்திருக்கின்றது' என்ற இச்சொல்லிலேயே வழக்கின் பெரும்பகுதி தங்கியுள்ளது. ஒரு கோல்ற் துப்பாக்கியாற் சுடப்பட்ட சன்னம் எல்லாக் கோல்ற் துப்பாக்கிகளோடும் ஒத்திருக்கும். அச்சொல் துப்பாக்கியின் இனத்தைக் குறிக்குமேயன்றி, இன்ன துப்பாக்கி எனத் தனியொன்றைச் சுட்டாது. எதிரிகளின் சட்டத்தரணிகள் அச்சொல்லைத் துருவிக் கேட்கவில்லை. நீதிபதி வெப்ஸ்ரர் தேயரோ, யூரிமாருக்கு வழக்கைத் தொகுத்துரைக்கையில், பெராடெல்லியின் உயிரைப் போக்கிய சன்னத்தைச் சுட்டது சாக்கோவின் துப்பாக்கியே என்பதற்கு இருவர் சாட்சியமளித்ததாக எடுத்துரைத்தார். 'ஒத்திருத்தல்' என்பது நீதிபதியின் வாயில் 'அதுவே' என மாறியது. உரையாசிரியன் மூலத்திற்கு ஏற்றிக் கூறும் பொருள் மூலத்தின் பொருளாகவே வழங்கத் தொடங்குவதை நம் இலக்கிய வரலாற்றிலும் காண்கின்றோம். அங்கு ஒரு பாட்டின் பொருள் திரியும். இங்கு இரு மனிதரின் உயிர் போயிற்று.

1923 ஒக்ரோபரில் புரொக்ரர் ஒரு சத்தியக் கடதாசி முடித்துக் கொடுத்தார். அச்சன்னம் குறித்த அத்துப்பாக்கியினூடாகவே வந்தது என்பதற்குத் தாம் எவ்விதச் சான்றும் காணவில்லை என்றும், நேரடியாக வினவப்பட்டால் அவ்வாறே விடையளித்திருப்பார் என்றும், இதனை அறிந்தே அரசு சட்டத்தரணி கட்ஸ்மன் வினாவை அமைத்தார் என்றும் அதில் அவர் கூறினார். அரசு தரப்புச் சட்டத்தரணிகள் விடுத்த மறுப்பு, அவ்வினா தம்மால் மீண்டும் மீண்டும் கேட்கப்படவில்லை என்ற அளவிலேயே நின்றது; முன்னேற்பாடு எதுவும் இருக்கவில்லை என அவர்கள் திட்டமாகக் கூறவில்லை. 1924இல் தேயர் இம்மனுவை நிராகரித்தார். புரொக்ரர் அவ்வாண்டிலேயே காலமானார். 1927இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் பீலிக்ஸ் பிராங்பேர்ற்றர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, வழக்கின் குறைபாடுகளுள் ஒன்றாக இதனையே விரித்துரைத்தது.

4

எதிரிகள் தரப்பின் நிபுணத்துவமும் தூயதாக இருக்கவில்லை. 1923இல் அவர்களுக்காக அல்பேட் ஹமில்ரன் என்பவர் முன்வந்தார். இவருடைய முன்வரலாறு கவனிக்கத்தக்கது. நியூயோர்க் மாநிலத்தில் 1915இல் சார்ள்ஸ் ஸ்ரீலோ என்னும் எழுத்தறிவு குன்றிய பண்ணைக் கூலியாளுக்கு மரணதண்டனை விதிக்கப்படுவதற்குத் துணைநின்றவர் இவரே. ஸ்ரீலோவின் றிவோல்வரின் வாயில் தாம் கண்ட கீறல்கள் சன்னத்திலும் உள்ளன என அரசுக்காக இவர் சாட்சியமளித்தார். பின்னர் நடந்த விசாரணையில் அச்சாட்சியம் பொய்யெனத் தெரியவர, 1918இல் ஸ்ரீலோ விடுதலை செய்யப்பட்டார். 1915இல் அரசுக்கு விற்கப்பட்ட நிபுணத்துவம் 1923இல் எதிரிகளுக்கு விற்கப்பட்டது. தொழிலாளி தன் உழைப்புச் சக்தியை விற்கும் சந்தையில் நிபுணனும் தன் அறிவை விற்கின்றான். ஆனால் அவன் விற்கும் பொருளுக்கு விஞ்ஞானம் என்ற பெயர் இருப்பதனால் அங்கு நடக்கும் கொடுக்கல்வாங்கல் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

ஹமில்ரன் தம்முடைய இரு புதிய கோல்ற் துப்பாக்கிகளைச் சாக்கோவின் துப்பாக்கியுடன் நீதிபதியின் முன்னிலையில் வைத்து, மூன்றையும் கழற்றி விளக்கங் காட்டினார். 1924 தொடக்கத்தில் சாக்கோவின் துப்பாக்கியைப் பரிசோதித்தபோது, அதில் துருப்பிடித்த பழைய குழலுக்குப் பதிலாகப் புதிய குழலொன்று பொருத்தப்பட்டிருப்பது தெரியவந்தது. பழைய குழல் ஹமில்ரனின் துப்பாக்கியில் இருந்தது. இரு தரப்பாரும் ஒருவர்மேல் ஒருவர் பழிசுமத்தினர். மாற்றியவர் யார் என்று தீர்மானியாமலே, பழைய குழலை மீண்டும் பொருத்தும்படி தேயர் கட்டளையிட்டார்.

இந்நிகழ்ச்சியின் முக்கியத்துவம், எவர் குற்றவாளி என்பதிலன்று. இரு மனிதரின் உயிர் தங்கியிருந்த சான்றுப்பொருள், நீதிமன்றக் காவலில் இருந்தவேளையிலேயே மாற்றப்படக்கூடியதாக இருந்தது என்பதே முக்கியமாகும். பிற்காலத்திலும் இந்நிலை தொடர்ந்தது. துப்பாக்கியும் சன்னங்களும் பின்னர் வான் அம்பேர்க்கின் கைக்குச் சென்று, 1960 வரை அவருடைய குடும்பத்தாரிடம் இருந்தன. அரசு தரப்பின் சாட்சியே சான்றின் பாதுகாவலருமானார். தன் கொள்கைக்கு இயைந்த பாடத்தை நிறுவ விரும்பும் ஒருவரிடம் ஏட்டின் ஒரே பிரதி தங்கியிருந்ததென்றால், அதன் பாடத்தை நாம் எவ்வளவு எச்சரிக்கையுடன் ஏற்போமோ அவ்வளவு எச்சரிக்கை இங்கும் வேண்டும்.

5

1927 யூனில் கல்வின் கொடார்ட் டெட்டத்துக்கு வந்தார். ஸ்ரீலோ வழக்கின் மறுவிசாரணையிற் பங்குகொண்ட சார்ள்ஸ் வெயிற் முதலியோருடன் சேர்ந்து 1925இல் நியூயோர்க்கில் துப்பாக்கித் தடய ஆய்வகமொன்றை நிறுவியவர் அவர். பிலிப் கிரவெல் அமைத்த ஒப்பீட்டு நுணுக்குக்காட்டி அவரிடம் இருந்தது. இரு சன்னங்களின் தடங்களை ஒரே பார்வைப் புலத்தில் அருகருகே நிறுத்திக் காட்டும் கருவி அது. விளக்கம் நடந்த 1921இல் இத்தகைய கருவி இந்நீதிமன்றத்தில் எவரிடமும் இருக்கவில்லை. மூன்றாம் இலக்கச் சன்னமும் வின்செஸ்ரர் தோட்டாவும் சாக்கோவின் துப்பாக்கியினவே என்பது கொடார்டின் முடிவு. எதிரிகள் தரப்பு நிபுணரான பேராசிரியர் கில்லும் அதன்பின் தம் கருத்தை மாற்றிக்கொண்டு விலகினார். 1961இல் பிராங் யூரி, ஜக் வெல்லர் ஆகிய இருவரும், 1983இல் நிபுணர் குழுவொன்றும் பரிசோதித்து அதே முடிவுக்கு வந்தனர். 1983ஆம் ஆண்டுக் குழு, தெருவிற் கிடந்த பீற்றர்ஸ் வெற்றுத் தோட்டாக்களுக்கும் சாக்கோவிடம் இருந்த பீற்றர்ஸ் தோட்டாக்களுக்கும் இடையில் பொதுவான உற்பத்திக் கருவி அடையாளங்களையுங் கண்டது.

இவற்றுக்கு விடையாக எழுந்ததே 'இடைச்செருகற்' கொள்கையாகும். உடலிலிருந்து எடுக்கப்பட்ட சன்னத்தை அகற்றி, சாக்கோவின் துப்பாக்கியாற் பின்னர் சுடப்பட்ட சன்னமொன்றை அவ்விடத்தில் வைத்துவிட்டனர் என்பது அது. 1985இல் வெளிவந்த நூலொன்றில் வில்லியம் யங், டேவிட் கைசர் ஆகியோர் இதனை விரிவாக வாதித்தனர். பெராடெல்லியைச் சுட்டவன் ஒருவனே என்பது நேரிற் கண்டோரது சாட்சியத்தின் போக்கு. அங்ஙனமாயின் அவருடைய உடலில் இரு துப்பாக்கிகளின் சன்னங்கள் இருந்தது எங்ஙனம் என்பது அவர்கள் எழுப்பும் வினா. மூன்றாம் இலக்கச் சன்னத்தின் அடியில் உள்ள கீறல்கள் ஏனைய மூன்றினதும் கீறல்களைப் போன்று அமையவில்லை என்பதையும் அவர்கள் எடுத்துக்காட்டினர்.

இவ்வாதம் இலேசானதன்று. ஆயின் எதிர்வாதமும் உண்டு. விளக்கத்திற்கு முன்னர் சன்னங்கள் புரொக்ரரின் பொறுப்பில் இருந்தன. மாற்றீடு நிகழ்ந்திருந்தால் அவர் அறியாமல் நிகழ்ந்திருத்தல் அரிது. அறிந்து உடன்பட்டவராயின், தாமே புகுத்திய சன்னம் இத்துப்பாக்கியினது என உறுதியாகச் சத்தியஞ் செய்ய அவர் ஏன் பின்னின்றார்? ஈராண்டுகளின் பின்னர் அரசு தரப்பைக் காட்டிக்கொடுக்கும் சத்தியக் கடதாசியை ஏன் முடித்துக் கொடுத்தார்? இவ்வினாவுக்கு நிறைவான விடை கிடைக்கும்வரை இடைச்செருகற் கொள்கையை ஐயம் என்ற அளவிலேயே நாம் வைத்துக்கொள்ள வேண்டியுள்ளது. அகச்சான்றை நோக்குமிடத்து, இன்று நம்மிடமுள்ள மூன்றாம் இலக்கச் சன்னம் சாக்கோவின் துப்பாக்கியினது என்பதே பெரிதும் பொருந்துவதாகும். அச்சன்னமே பெராடெல்லியின் உடலில் இருந்ததா என்பது புறச்சான்றைச் சார்ந்தது; புறச்சான்றைச் சீர்குலைத்தவர்கள் அதன் பாதுகாவலரே.

துப்பாக்கித் தட ஒப்பீட்டின் விஞ்ஞான அடிப்படையும் இன்று மீளாய்வுக்கு உட்பட்டுள்ளது என்பதையும் மனங்கொள்ளுதல் வேண்டும். 2009இல் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிச் சபையும், 2016இல் ஜனாதிபதியின் விஞ்ஞான ஆலோசனைச் சபையும் வெளியிட்ட அறிக்கைகள், இவ்வொப்பீடு பரிசோதகரின் அகநிலைத் தீர்ப்பிற் பெரிதும் தங்கியுள்ளதையும், பிழையின் அளவை நிறுவும் ஆய்வுகள் போதாமையையும் சுட்டிக்காட்டின. கருவி பொய் கூறுகின்றது என்பது இதன் பொருளன்று. கருவியினூடு பார்ப்பவன் ஒரு மனிதன் என்பதே இதன் பொருள்.

6

சன்னம் உண்மையானதென்றே கொள்வோம். அது எதனை நிறுவுகின்றது? அத்துப்பாக்கி அன்று சவுத் பிறெயின்றீயில் இருந்தது என்பதை நிறுவும். அதனை ஏந்திய கை சாக்கோவினதே என்பதற்கு வேறு சான்று வேண்டும். வன்செற்றியைப் பொறுத்தவரை அது யாதொன்றையும் நிறுவாது. எடுக்கப்பட்ட ஆறு சன்னங்களுள் ஒன்றுதானும் அவருடைய 0.38 றிவோல்வரினது அன்று. அந்த றிவோல்வர் இறந்த காவலாளியிடமிருந்து பறிக்கப்பட்டது என அரசு வாதித்தது. காவலாளியின் துப்பாக்கியோ கொலைக்குச் சில வாரங்களுக்கு முன்னர் பொஸ்ரன் கடையொன்றில் திருத்தக் கொடுக்கப்பட்டிருந்தது. அதனை அவர் திரும்பப் பெற்றார் என்பதற்குப் பதிவு காட்டப்படவில்லை. சாக்கோவினது எனக் கூறப்பட்ட தொப்பியொன்றும் சான்றாக வைக்கப்பட்டது. அதன் உட்துணியிலுள்ள கிழிசல், வேலைத்தலத்தில் அவர் தொப்பியை ஆணியில் மாட்டியதால் உண்டானது என்றனர். உரிமையாளரின் பெயரைத் தேடுகையில் அக்கிழிசலைத் தாமே உண்டாக்கியதாக ஊர்ப் பொலிஸ் அதிபர் கலிவன் 1927இல் ஒப்புக்கொண்டார். ஹார்வர்ட் தலைவர் லோவெல் தலைமையில் ஆளுநர் நியமித்த ஆலோசனைக் குழு, இதனை அற்ப விடயமெனத் தள்ளிவிட்டது.

அரசின் வர்க்கத் தன்மையை நாம் தேடவேண்டிய இடம் இதுவே. சூழ்ச்சிக்காரன் ஒருவன் இரவில் சன்னத்தை மாற்றினான் என்று நிறுவினாற்றான் வர்க்க நீதி வெளிப்படும் என எண்ணுவது சமூக அமைப்பைத் தனிமனிதனின் தீச்செயலாகச் சுருக்குவதாகும். அன்றைய மசச்சூசெற்ஸ் சட்டப்படி, மாநில உயர்நீதிமன்றம் சட்டப் பிழைகளை மாத்திரமே ஆராயலாம்; சான்றுகளின் தகுதியை மீள எடைபோட அதற்கு அதிகாரம் இருக்கவில்லை. புதிய விளக்கம் கோரிய மனுக்கள் யாவும், முதல் விளக்கத்தை நடத்திய தேயரிடமே சென்றன. எதிரிகளைப் பற்றி நீதிமன்றத்துக்கு வெளியே அவர் இழிவாகப் பேசிவந்தார் என்பது லோவெல் குழுவுக்கே தெரிந்திருந்தது; பதவி ஒழுக்கத்தை மீறிய செயல் என அதனைக் கண்டித்தபின்னரும், விளக்கம் நேர்மையானது என அக்குழு முடிவுசெய்தது. உயர்நீதிமன்றம் மரணதண்டனை வழக்குகளில் சான்றையும் ஆராய வகைசெய்த சட்டம் 1939இலேயே வந்தது. நேர்மையான சன்னமும் இவ்வமைப்பினுள் நேர்மையற்ற தீர்ப்புக்குப் பயன்படும். 1921இல் யூரிமாரின் முன் இருந்தது 'ஒத்திருக்கின்றது' என்ற ஒரு சொல்லே. கொடார்டின் நுணுக்குக்காட்டி அன்று இருக்கவில்லை. பின்னர் வந்த அறிவு முன்னர் வழங்கிய தீர்ப்பைப் புனிதமாக்கமாட்டாது.

7

இறுதியாக எம் தரப்பைப் பற்றியும் கூறுதல் கடன். 'பொஸ்ரன்' நாவலை எழுதுங்காலத்தில் சின்கிளேயர், எதிரிகளின் முதற் சட்டத்தரணியான பிரெட் மூரைச் சந்தித்தார். இருவருங் குற்றவாளிகளே என்றும், அவர்கள் வேறிடத்தில் இருந்ததாகக் கூறும் சாட்சியங்கள் தம்மால் அமைக்கப்பட்டவை என்றும் மூர் அவரிடம் கூறினார். 1929இல் சின்கிளேயர் எழுதிய கடிதமொன்றில் இது காணப்படுகின்றது; அக்கடிதம் 2005இல் பரவலாகத் தெரியவந்தது. மூரும் தம் கட்சிக்காரரோடு மனஸ்தாபப்பட்டு விலகியவராதலின், அவருடைய கூற்றும் ஐயத்துக்கு அப்பாற்பட்டதன்று. சின்கிளேயர் நாவலைக் கைவிடவில்லை. குற்றம் நிறுவப்படவில்லை என்ற நிலையில் நின்று அதனை முடித்தார். அவருக்குப் பின் வந்தோர் பலரிடம் அந்த இடர்ப்பாடு இல்லை. அவர்களுக்குத் தியாகிகள் போதுமானவர்களாயினர்.

1977இல், ஐம்பதாண்டு நிறைவையொட்டி, மசச்சூசெற்ஸ் ஆளுநர் மைக்கல் டுக்காக்கிஸ் இவ்விருவரின் பெயர்களிலிருந்தும் களங்கம் நீக்கப்படவேண்டும் எனப் பிரகடனஞ் செய்தார். அவர்கள் குற்றமற்றவர்கள் என அது கூறவில்லை. விளக்கம் நீதியானதன்று என்ற அளவிலேயே அது அமைந்தது. அப்பிரகடனத்தின் எல்லையே நாம் உறுதியாக நிற்கக்கூடிய எல்லையுமாகும்.

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஒன்று தெளிவாகும். சாக்கோவும் வன்செற்றியும் நீதி பெறாதவர்கள் என்பதை நிறுவ அவர்கள் குற்றமற்றவர்களாக இருக்கவேண்டியதில்லை. அவ்வாறு இருந்தாற்றான் அவர்களுக்காகப் பேசுவோம் என்றால், நுணுக்குக்காட்டியில் தோன்றும் ஒவ்வொரு கீறலும் நம் நிலைப்பாட்டை அசைத்துவிடும். அதற்கு அஞ்சி ஒவ்வொரு கீறலையும் மறுக்கத் தொடங்குவோம். ஏட்டில் உள்ள பாடம் நம் கொள்கைக்கு ஒவ்வாததாயின் அதனைத் திருத்தி எழுதும் பதிப்பாசிரியனை நாம் கண்டிக்கின்றோம். அதே ஒழுக்கத்தை நம்மிடமும் எதிர்பார்க்கும் உரிமை வாசகருக்கு உண்டு. மூன்றாம் இலக்கச் சன்னத்தை உள்ளவாறு ஏற்றுக்கொண்டு, அது எவர் கையில் இருந்தது, எவர் அதற்காகப் பேசினார், எந்தச் சொல்லால் பேசினார், அச்சொல்லை எவர் மாற்றினார் எனத் தொடர்ந்து வினவுவதே, கொல்லப்பட்ட நால்வருக்கும் நாம் செய்யக்கூடிய மரியாதையாகும்.